கடிக்கவும் படிக்கவும்: மழலையர் புத்தகம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கெட்டி அட்டையில் அச்சாகி, முனைகள் வட்டமாக வெட்டப்பட்டு, சில பக்கங்களிலேயே முடிந்துவிடும் சிறு புத்தகம் அட்டைப் புத்தகம். கடையில் ‘போர்டு புக்’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தாளைத் தனியே பிரித்துப் புரட்ட விரல் பழகாத, எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயதுக்காக உருவான வடிவம் இது. டோரதி குன்ஹார்ட் 1940இல் வெளியிட்ட, தொட்டும் தடவியும் பார்க்கும் ‘பேட் தி பன்னி’ இதற்கு ஒரு முன்னோடி. 1979இல் அமெரிக்காவின் ரோஸ்மேரி வெல்ஸும், 1981இல் இங்கிலாந்தின் ஹெலன் ஆக்ஸன்பரியும் கைக்குழந்தைகளுக்கென்றே அட்டைப் புத்தக வரிசைகளைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் பொம்மைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நின்ற இந்த வடிவம் குழந்தை இலக்கியத்தில் தனி வகையாயிற்று. ஆனால் வாங்குகிற பெரியவர்களின் மனத்தில் பள்ளிப் பாடப்புத்தகத்துக்குரிய எதிர்பார்ப்புகளே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே வரும் நம்பிக்கைகளில் பல அங்கிருந்து வந்தவை.

நம்பிக்கை: பேச்சே வராத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு? எல்.கே.ஜி. சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: வாசித்துக் காட்டுவதன் பயன் பேச்சுக்காகக் காத்திருப்பதில்லை. உளவியலாளர்கள் அந்தோனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்கள் கடைசி ஆறு வாரங்கள் ஒரு கதைப் பகுதியை நாள்தோறும் உரக்க வாசித்தார்கள். பிறந்தபின் சோதித்தபோது, கேட்டறியாத பகுதியைவிட அந்தப் பகுதியையே குழந்தைகள் விரும்பிக் கேட்டன. கதை புரிந்து வந்த விருப்பமில்லை அது; ஓசை பழகி வந்தது. கைக்குழந்தைப் பருவத்திலேயே வாசிப்பைத் தொடங்கச் சொல்லுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014இல் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. 2024இல் அதைப் ‘பிறந்தது முதல்’ என்று முன்னுக்குக் கொண்டுவந்தது.

தமிழில் பிள்ளைத்தமிழின் பருவப் பகுப்பும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. செங்கீரைப் பருவம் 5ஆம் மாதத்தோடும், சப்பாணிப் பருவம் 9ஆம் மாதத்தோடும் பொருத்தப்படுகின்றன. முன்னதில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது. பின்னதில் உட்கார்ந்து கை கொட்டுகிறது. பாடப்படுவது தெய்வமோ அரசரோ ஆனாலும், உடல் எதற்குத் தயாராகிறதோ அதற்கேற்ற பாட்டு என்னும் ஒழுங்கு வீட்டுக் குழந்தையைப் பார்த்துப் பிறந்ததுதான். இன்றைய தேர்வுக்கும் அதே அளவுகோல் பொருந்தும்: படுத்திருக்கும் மாதங்களில் தாலாட்டு, உட்கார்ந்ததும் கைதட்டும் பாட்டு, நடை வந்ததும் குதிக்கவும் ஓடவும் சொல்லும் பாட்டு.

நம்பிக்கை: கடித்துக் கிழிக்கிற வயதில் நல்ல புத்தகத்தைக் கையில் கொடுக்கக் கூடாது.

உண்மை: கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமுள்ள வீட்டில், புத்தகத்தின் முனையில் எச்சில் வழிந்தால் மனம் பதறத்தான் செய்யும். குழந்தைக்கோ வாயும் கையும் ஆராயும் கருவிகள். ஜூடி டெலோச்சும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் படத்திலுள்ள பொருளைப் பற்றி எடுக்கவே முயன்றன. 19 மாதத்தில் பற்றுவது குறைந்து, சுட்டிக் காட்டுவது வந்திருந்தது. படம் பொருளில்லை, பொருளைக் குறிப்பது என்ற அறிவு இந்த இடைவெளியில் மெல்ல உருவாகிறது. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிய புத்தகம் அதற்கு உதவாது. தவழ்ந்து எட்டும் கீழ்த்தட்டே அதன் இடம்.

கவனிக்க வேண்டியது பாதுகாப்பை. முனை மழுங்கியிருக்க வேண்டும். அட்டையின் அடுக்குகள் ஈரம் பட்டதும் உரிந்துவரக் கூடாது. ஒட்டிய கண், மணி, பொத்தான் போன்றவை கழன்றால் ஆபத்து. 3 வயதுக்குட்பட்டோர் பொருள்களைச் சோதிக்க அமெரிக்க விதி சொல்லும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். சத்தமெழுப்பும் புத்தகமென்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பொத்தான் பேட்டரி 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயில் கடும் புண்ணை உண்டாக்கிவிடும்.

நம்பிக்கை: அ, ஆ கற்றுத் தருவதும் நீதி சொல்வதும்தான் உருப்படியான புத்தகம்.

உண்மை: இரண்டு வயதுக் குழந்தைக்கு 247 எழுத்துகளின் வரிசை வெறும் கோலம். அ என்ற வடிவத்துக்கு அருகே அணில் படம் இருந்தால், அது அணிலைத்தான் பார்க்கிறது. அந்த வயதின் வேலை சொற்களைச் சேர்ப்பது. அதற்குப் படப் புத்தகம் வளமான இடம். ஜெஸிகா மாண்டாக் குழுவினர் 2015இல் 100 படப் புத்தகங்களின் சொற்களைப் பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். சம அளவுப் பகுதிகளை எடுத்துக்கொண்டபோது, புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் சுமார் 1.7 மடங்கு இருந்தன. ‘சாப்பிடு, தூங்கு, தொடாதே’ என்று சுழலும் அன்றாடப் பேச்சில் வாத்தும் கலங்கரை விளக்கமும் வர வழியில்லை.

நீதிக்கும் இது பருவமில்லை. ஒளிவது, கண்டுபிடிப்பது, விழுவது, குளிப்பது, தூங்குவது போன்றவையே இந்த வயதின் பெரிய நிகழ்ச்சிகள். படங்களைப் பொறுத்தவரை, பாட்ரிஷியா கேனியா குழுவினர் 15, 18 மாதக் குழந்தைகளிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு பயன்படும்: புத்தகத்தில் கற்ற பெயரை நிஜப் பொருளுக்குப் பொருத்துவதில், கேலிச்சித்திரப் பாணிப் படங்களைவிட நிஜத்தை ஒத்த படங்கள் கூடுதலாக உதவின. முதல் புத்தகங்களில் சில, பக்கத்துக்கு ஒரு பொருளைத் தெளிவாகக் காட்டுபவையாக இருப்பது நல்லது.

நம்பிக்கை: மடிப்பு, எழும்பி நிற்கும் படம், சத்தம் எல்லாம் கூடக் கூடக் கற்பதும் கூடும்.

உண்மை: அப்படிக் கூடுவதில்லை. டெலோச்சின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், படங்கள் எழும்பியும் அசைந்தும் நிற்கிற புத்தகத்தைப் பார்த்த சிறு குழந்தைகள், சாதாரணப் புகைப்படப் புத்தகத்தைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள். கவனம் கையோடு போய்விடுகிறது. இதனால் மடிப்புப் புத்தகமே வேண்டாம் என்றாகாது. ‘நாய்க்குட்டி எங்கே?’ என்று பக்கம் கேட்டு, மடிப்பு அதற்கு விடை சொன்னால், கண்ணாமூச்சியின் மகிழ்ச்சியும் சொல்லும் ஒன்றாகப் போகின்றன. கேள்வியோடு தொடர்பில்லாத மடிப்பு வெறும் கதவு.

கைப்பேசியில் தானே வாசித்துக் காட்டும் புத்தகமும் இந்த வகையில் சேரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 37 பெற்றோர்–குழந்தை இணைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மின்புத்தகத்தின்போது இருவர் பேச்சும் அச்சுப் புத்தகத்தின்போது இருந்ததைவிடக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல், 1 வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், 2 வயதில் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வாசிப்பதையும் கதை சொல்வதையும் ஊக்குவிக்கிறது.

நம்பிக்கை: முதல் பக்கம் தொடங்கி வரி விடாமல் வாசிக்க வேண்டும், குழந்தை அசையாமல் கேட்க வேண்டும்.

உண்மை: அட்டைப் புத்தகம் நடுவில் தொடங்கலாம், தலைகீழாகவும் பார்க்கலாம். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 21 முதல் 35 மாதம் வரையான குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பாதியினருக்குப் படத்தைப் பற்றிக் கேட்கவும், குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லவும் பயிற்சி தரப்பட்டது. மறுபாதியினர் வழக்கம்போல் வாசித்தார்கள். ஒரு மாதத்தில் முதல் பாதியின் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். வீட்டில் இது மிக எளிது. ‘பூனையைக் காணோமே!’ என்றால் விரல் கட்டிலுக்குப் போகும். ‘ஆமா, கட்டிலுக்கு அடியிலே ஒளிஞ்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் ‘அங்கே என்ன பண்ணுது?’ என்று கேட்கலாம்.

தமிழில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. புத்தகம் எழுத்துத் தமிழில் இருக்கும். வீடு பேச்சுத் தமிழில் இருக்கும். ‘யானை குளிக்கிறது’ என்ற வரியை ‘ஆனை குளிக்குது பாரு’ என்று சொல்வதில் பிழையில்லை. ஒருமுறை பேச்சு நடையிலும் ஒருமுறை உள்ளபடியும் சொன்னால், இரண்டு நடையும் காதில் ஏறும்.

நம்பிக்கை: கேட்ட கதையையே கேட்டால் புதிதாக ஒன்றும் கற்காது.

உண்மை: மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஜெஸிகா ஹார்ஸ்ட் குழுவினர் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்டவர்கள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் அத்தனை முறை கேட்டவர்களைவிட நன்றாக அச்சொற்களைக் கற்றார்கள். அடுத்து வருவது தெரிந்திருப்பதால்தான் குழந்தை கடைசிச் சொல்லைத் தானே முந்திக்கொண்டு சொல்கிறது. எனவே புத்தகம் வாங்கும்போது, அதை நூறு முறை வாசிக்க வேண்டிய பெரியவருக்கும் அது பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது நியாயமே.

நம்பிக்கை: பொருளில்லாத பாட்டு வீண், அர்த்தமுள்ள பாட்டே அறிவு தரும்.

உண்மை: மழலைப் பாட்டின் முதல் பொருள் ஓசை. பீட்டர் பிரையன்ட்டும் லினெட் பிராட்லியும் சக ஆய்வாளர்களோடு 1989இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதில் மழலைப் பாட்டுகளை நன்கு அறிந்த பிள்ளைகள் பின்னர் வாசிப்பிலும் முன்னே நின்றார்கள். குடும்பச் சூழலையும் நுண்ணறிவையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு தெரிந்தது. சொல்லுக்குள் ஒலிகள் உண்டு, அவை வேறு சொற்களிலும் திரும்ப வருகின்றன என்பதைப் பாட்டு காதுக்குக் காட்டிவிடுகிறது.

ஆங்கில மழலைப் பாட்டின் ஓசை பெரும்பாலும் அடியின் கடைசியில் ஒன்றுகிறது. தமிழில் அது மோனையாக முதல் எழுத்திலும், எதுகையாக இரண்டாம் எழுத்திலும் ஒன்றுகிறது. குருவியும் அருவியும், வண்டியும் நண்டும் ஒன்றோடொன்று விளையாடுவது இப்படித்தான். எதுகை எண்ணும் அதே எழுத்துதான் பின்னாளில் குழந்தை எழுதப்போகும் அலகு. இறுதி ஒன்றும் இயைபும் தமிழில் உண்டு. ஆனால் வினைமுற்றுகள் பல ‘கிறது’ என்றும் ‘தாம்’ என்றும் முடிவதால், அது உழைப்பில்லாமலே கிடைத்துவிடும். ஆங்கில ரைம்ஸை அப்படியே பெயர்த்த பல பாட்டுகள் ஓசை செத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

சலசல, கடகட, குடுகுடு போன்ற இரட்டைக்கிளவிகள் இன்னொரு செல்வம். ஒலியே பொருளைச் சுட்டும் இத்தகைய புதுச் சொற்களை, அப்படிச் சுட்டாத சொற்களைவிட எளிதாக ஜப்பானிய 3 வயதுக் குழந்தைகள் கற்றதை முட்சுமி இமாய் குழுவினர் 2008இல் காட்டினார்கள்.

எனவே பாட்டைத் தேர்வதற்குச் சில அடையாளங்கள் உண்டு. நாலு முதல் எட்டு அடிகள், அடிக்கு இரண்டு மூன்று சொற்கள், எதுகையும் மோனையும், திரும்ப வரும் ஓர் அடி, கையோ காலோ சேர்ந்துகொள்ள ஓர் அசைவு. கடையிலேயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நாக்கு தடுக்கினால் பாட்டில் குறை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954), அழ. வள்ளியப்பா (1922–1989) ஆகியோர் பாடல்களில் பல சற்றே பெரிய பிள்ளைகளுக்கு உரியவை. குட்டிப் பாடல்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை நாலைந்து வயதுக்கு வைக்கலாம்.

நம்பிக்கை: தமிழ்ப் பாட்டில் பழகினால் ஆங்கிலம் பின்தங்கும்.

உண்மை: இரு மொழி கேட்டு வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைக்கு ஈடாகவே வரும். பெரியவருக்கு எந்த மொழியில் பேச்சு தடையின்றி வருமோ, அந்த மொழிப் புத்தகமே நல்ல உரையாடலைத் தரும். இருமொழிப் புத்தகம் வாங்கினால் தமிழ் வரியைத் தனியே வாசித்துப் பார்க்க வேண்டும். ஆங்கில வாக்கியத்தின் நிழலாக இருந்தால் குழந்தையின் காது அதில் தங்காது.

நம்பிக்கை: நல்ல வாசிப்புக்கு நிறைய புத்தகமும் நிறைய பணமும் வேண்டும்.

உண்மை: ஐந்தாறு புத்தகங்களைச் சுழற்சியாக வெளியே வைத்தால் போதும். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் 2015 முதல் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுத் தடித்த அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். தாத்தா, பாட்டி, வீட்டுப் பூனை, தெருமுனைப் பால்காரர் என்று பக்கத்துக்கு ஒரு புகைப்படம் ஒட்டி வீட்டிலேயே செய்த புத்தகமும் குழந்தைக்கு முழுப் புத்தகமே.

தாள் புத்தகத்துக்கு மாறப் பிறந்தநாள் கணக்கு வேண்டியதில்லை. விரல் ஒரு தாளைப் பிடித்துக் கிழிக்காமல் திருப்பும்போது, கதையின் அடுத்த பக்கத்துக்காகக் குழந்தை காத்திருக்கும்போது, மாற்றம் தொடங்கலாம். அட்டைப் புத்தகங்களை அன்றே எடுத்து ஒளிக்கவும் தேவையில்லை. மூன்று வயதில் குழந்தை அவற்றைத் தானே பிடித்து, மனப்பாடமான பாட்டைப் பொம்மைக்கு வாசித்துக் காட்டும்.