அறம் விளைக்கும் வாணிகம்

பொருள் ஈட்டுதல் அறத்திற்குப் பகை அன்று. தீது கலவாமல் வந்த பொருள் அறத்தையும் இன்பத்தையும் ஒருங்கே தரும் என்பது வள்ளுவப் பெருந்தகையின் கொள்கை. வாணிகத்தில் ஈட்டியபின், எஞ்சியதில் ஒரு பகுதியை அறத்திற்கு அளிப்போர் பலர் உளர். பிறர் துயர் துடைத்தற்கென்றே வாணிகம் நடத்துவோர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் அமர்நீதி நாயனார்.

கும்பகோணத்தை அடுத்த பழையாறையில் வணிகர் குலத்தில் தோன்றியவர் இந்நாயனார். பொன், மணி, முத்து, பட்டு முதலியவற்றை விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு அடியார்களுக்கு அமுதும், உடையும், கீளும், கோவணமும் வழங்கி வந்தார். திருநல்லூர்த் திருவிழாவிற்கு வரும் அடியார்கள் தங்குதற்குத் திருமடம் ஒன்று அமைத்து, தாமும் குடும்பத்துடன் அங்கேயே தங்கித் தொண்டு புரிந்தார்.

ஒருநாள் சிவபெருமான் பிரமசாரியாய் அம்மடத்திற்கு எழுந்தருளினார். தண்டில் கட்டியிருந்த இரு கோவணங்களுள் ஒன்றை நாயனாரிடம் ஒப்படைத்து, நீராடச் சென்றார். அவர் மழையில் நனைந்து மீண்டபோது, வைத்த இடத்தில் கோவணம் இல்லை. நாயனார் நடுக்கமுற்று, புதிய கோவணம் தந்தார். வந்தவர் ஏற்கவில்லை. தண்டில் எஞ்சியிருந்த கோவணத்திற்கு எடையொத்த கோவணமே வேண்டும் என்றார். துலாக்கோல் நாட்டப்பட்டது. மடத்திலிருந்த கோவணங்கள், பட்டாடைகள், பொன், வெள்ளி அனைத்தையும் குவித்தும் நாயனாரின் தட்டுத் தாழவில்லை. இறுதியில் அவரும், மனைவியாரும், மைந்தரும் திருவைந்தெழுத்தை ஓதித் தட்டில் ஏறினர். கோல் நேர் நின்றது. இறைவர் காட்சி தந்தருளி, மூவரையும் ஆட்கொண்டார்.

துலாக்கோல் வணிகரின் கருவி. வாழ்நாள் முழுதும் பொருளை நிறுத்து விலை கூறியவர்க்கு, அக்கருவியாலேயே இறைவர் பாடம் புகட்டினார். இரண்டே கோவணம் உடையவர்க்கு அவற்றுள் ஒன்றின் அருமையைக் கடைவீதி விலையால் அளத்தல் இயலாது. இல்லாதவரின் தேவைக்கு ஈடாகப் பொருளை மட்டும் வைத்தால் கோல் நேர் நில்லாது. கொடுப்பவர் தம்மையும் வைத்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்கு அண்மைக் காலச் சான்று மதுரையில் உண்டு. கண்புரையால் பார்வை மங்கிய ஏழை உழவர்க்கு அறுவைச் சிகிச்சைக் கட்டணம் எட்டாத் தொலைவு; கண்ணொளியோ அவர்தம் பிழைப்பு. இதனை உணர்ந்த மருத்துவர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணச் செய்திருந்தது. அவ்விரல்களாலேயே அறுவைக் கருவியைப் பிடிக்கப் பயின்று, எண்ணற்றோர்க்கு ஒளி தந்தார்.

அம்மருத்துவமனை நன்கொடையை மட்டும் நம்பி நிற்கவில்லை. இயன்றோர் கட்டணம் செலுத்துவர். அவ்வருவாயைக் கொண்டு இயலாதோர்க்கு இலவசமாகச் சிகிச்சை நடைபெறும். மருத்துவர்கள் இரு பகுதியிலும் முறைவைத்துப் பணியாற்றுவர். வெளிநாட்டுக் கண்வில்லைகளின் விலை ஏழையர்க்குத் தடையாய் இருந்தமையால், 1992இல் ஆரோலேப் என்னும் நிறுவனத்தின் வாயிலாக மதுரையிலேயே அவை குறைந்த விலையில் செய்யப்பட்டன. நிறுவனர் 2006இல் மறைந்தார். அவர் வகுத்த நெறி இன்றும் தொடர்கின்றது.

இத்தகைய வாணிகத்திற்கு இரக்கம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். முதல் அழிந்தால் அறமும் உடன் அழியும். ஆதலின் வீண்செலவைத் தவிர்த்தலும், காலத்தைப் பேணுதலும், தரம் குன்றாது காத்தலும் தொண்டின் உறுப்புகளே ஆகும். ஊதியம் வேண்டும், அது மேலும் ஒருவர்க்கு உதவுதற்கு வேண்டும் என்னும் நினைவு நீங்காதிருத்தல் வேண்டும்.

பெருஞ்செல்வர்க்கே இது கைகூடும் என எண்ண வேண்டா. மளிகைக் கடையில், கூலி வேலை செய்யும் தாய் காற்படி அரிசி கேட்டு நிற்கும்போது, எடை குறையாமலும் முகம் சுளியாமலும் கொடுத்தலும் இந்நெறியின்பாற்பட்டதே. சில்லறையாய் வாங்குபவரே பெரும்பாலும் வறியவர். அவரிடம் மிகுதியாய் விலை கொள்ளாமை பேரறம்.

ஆனித் திங்கள் பூர நாள் அமர்நீதியாரின் குருபூசை நாள். வாணிகம் செய்வோர் அந்நாளில் தம் கடைத் தராசைச் சற்றே நோக்குக. ஒரு தட்டில் எளியவரின் தேவை இருக்கின்றது. மறு தட்டில் தாம் வைத்திருப்பது யாது என்பதைத் தம் நெஞ்சையே வினவுக.