கிட்டிஸின் தோளுக்குப் பின்னால்

துப்பறியும் கதை என்றால் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. சுஜாதாவின் கணேஷ்-வசந்தையும் ராஜேஷ்குமாரின் விவேக்கையும் படித்து வளர்ந்தவர்கள் நாம். துப்பறிபவருக்கு எப்படியும் எல்லாம் தெரிந்துவிடும், கடைசி அத்தியாயத்தில் விளக்கிவிடுவார் என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்வோம். 1974-இல் வந்த 'சைனாடவுன்' படத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஜேக் நிக்கல்சன் நடித்த ஜேக் கிட்டிஸ் கெட்டிக்காரன்தான். ஆனால் எது முக்கியமோ அதை மட்டும் தப்பாகவே புரிந்துகொள்கிறான். கொலைகாரன் யார் என்பதைவிட, இவன் எங்கே சறுக்குகிறான் என்று பார்ப்பதில்தான் ருசி. பலமுறை பார்த்தும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியும் எனக்குப் பிடிபட்டவற்றைச் சொல்கிறேன். முக்கிய முடிச்சை அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

படத்துக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் வரலாறு தெரிந்திருந்தால் நல்லது. லாஸ் ஏஞ்சலஸ் வறண்ட ஊர். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரை அந்த நகரம் சுமார் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தது, 1913-இல் திறந்தார்கள். கட்டியவர் வில்லியம் முல்ஹாலண்ட் என்ற பொறியாளர். தண்ணீர் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த செல்வந்தர்கள் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் நிலத்தை வளைத்துப்போட்டார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயிகள் கெட்டது கெட்டதுதான். 1928-இல் முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். திரைக்கதை எழுதிய ராபர்ட் டௌன் இதையெல்லாம் கலைத்துப்போட்டு, 1937-க்கு நகர்த்தி, பொறியாளருக்கு ஹாலிஸ் முல்ரே என்று பெயர் வைத்தார். இது தெரியாமல் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம், அணை வேண்டுமா வேண்டாமா என்ற கூட்டம், காய்ந்த ஆற்றுப்படுகை எல்லாம் சும்மா நீட்டுகிறார்கள் என்று தோன்றும். நான் போட்டுக் காட்டியவர்களில் பாதிப்பேர் போனை எடுத்தது அந்த அரைமணி நேரத்தில்தான்.

அடுத்தது, கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிட்டிஸ் இல்லாத காட்சி படத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அடிக்கடி அவன் தோளுக்குப் பின்னால் இருந்துதான் நாமும் எட்டிப் பார்க்கிறோம். ஆரஞ்சுத் தோப்பில் அவனை அடித்து மயக்கம் போடவைக்கும்போது திரையும் இருண்டுபோகிறது. அவன் கண்ணைத் திறக்கும்போதுதான் நமக்கும் படம் திரும்ப வருகிறது. டௌன் எழுதிவைத்திருந்த பின்னணிக் குரலை இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி எடுத்துவிட்டார். அதனால் அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. அவன் ஏமாந்தால் நாமும் ஏமாற வேண்டியதுதான்.

அவன் தொழில் செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கார் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று தெரிய வேண்டும். ராத்திரி முழுக்கக் காத்திருக்க மனசில்லை. தன் கார் டேஷ்போர்டு அறையைத் திறக்கிறான். உள்ளே மலிவான பாக்கெட் கடிகாரங்கள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துச் சாவி கொடுத்து, நேரம் சரிபார்த்து, அந்தக் காரின் டயரடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். கார் நகர்ந்ததும் கடிகாரம் நசுங்கி நின்றுவிடும், விஷயம் முடிந்தது. இன்னொரு இடத்தில், இருட்டில் பின்தொடர வசதியாக ஒரு காரின் பின்விளக்குக் கண்ணாடி ஒன்றை உடைத்துவிடுகிறான். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று தெரியும் கார் கூட்டத்தில் தொலையாது. பதிவேட்டு அலுவலகத்தில் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்று ஸ்கேல் கேட்டு வாங்கி, அதைப் பக்கத்தின் மேல் வைத்து, இருமிக்கொண்டே தாளைக் கிழிக்கிறான். இத்தனை சாமர்த்தியத்தையும் பார்த்த பிறகு அவனை நம்பாமல் இருக்க முடிகிறதா? அதுதான் பொறி.

இரண்டாவது முறை பார்க்கும்போது அவனை விட்டுவிட்டு, ஃபே டனவே நடித்த, முல்ரேயின் மனைவி ஈவ்லினைக் கவனியுங்கள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும், ஏற்கெனவே ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருக்க, இன்னொன்றைப் பற்றவைக்கிறாள். கிட்டிஸும் அதைக் கவனிக்கிறான், ஆனால் அவன் போடும் கணக்கு வேறு. முல்ரே வீட்டுக் குளத்தையும் விட்டுவிடாதீர்கள். இதற்குமேல் சொன்னால் சொன்ன வார்த்தை தவறிவிடும்.

பெரிய திரையில் பாருங்கள், குறைந்தபட்சம் டிவியிலாவது. அகலத்திரைப் படம் இது. ஜான் அலோன்ஸோவின் ஒளிப்பதிவில் பளீரென்ற வெயிலில்தான் அக்கிரமம் எல்லாம் நடக்கிறது. சப்டைட்டில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் கடைசி நேரத்தில் வந்து 10 நாளில் முடித்துக்கொடுத்த இசை, வேண்டிய இடத்தில் மட்டும்தான் வாயைத் திறக்கும். எழுத்து ஓடும்போதே வரும் அந்தத் தனி டிரம்பெட்டைத் தவறவிடாமல் முதலிலிருந்தே உட்காருங்கள்.

கிட்டிஸின் மூக்கைக் கத்தியால் கீறும் குள்ள ஆள் போலன்ஸ்கியேதான். ஒரு நட்சத்திரத்தின் முகத்தில் கட்டுப்போட்டுப் பாதிப் படம் உலவவிடும் தைரியம் நம் ஊரில் யாருக்கு வரும்! முடிவு விஷயத்திலும் டௌனுடன் சண்டைபோட்டுத் தன் முடிவையே வைத்தார். அவர் செய்தது சரி என்பது என் கட்சி. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: 1977-இல் 13 வயதுச் சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1978-இல் தண்டனை வருமுன் அமெரிக்காவை விட்டு ஓடியவர் அவர். படம் பேசும் விஷயத்தை நினைத்தால் அது உறுத்தாமல் போகாது. அதற்காகப் பார்க்க மறுப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

நேரமிருந்தால் முதலில் 1941-இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' பாருங்கள். ஹம்ப்ரி போகார்ட்டின் துப்பறிவாளன் அதில் யாரிடமும் ஏமாறமாட்டான். அதை இயக்கிய ஜான் ஹூஸ்டன்தான் 33 வருஷம் கழித்து 'சைனாடவுன்' படத்தில் நோவா கிராஸ் என்ற கிழவனாக வந்து, கிட்டிஸின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்காமல், தலையோடு வைத்த மீனை அவனுக்குப் பரிமாறுகிறார். 1990-இல் நிக்கல்சனே இயக்கிய தொடர்ச்சி 'தி டூ ஜேக்ஸ்' ஒன்று இருக்கிறது, பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.