பிணவறை வேலையும் ஒரு தொழில்நுட்பமே!

இந்தத் தலைப்பைச் சொன்னதும் வகுப்பு நண்பர்கள், "வேற தலைப்பே கிடைக்கலையாடா?" என்று சிரித்தார்கள். முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். இதில் பம்பு உண்டு, பிரஷர் உண்டு, குளிர்பதனம் உண்டு, வேதியியல் உண்டு. எல்லாம் நம் பாடம்தான்.

எம்பாமிங் என்றால் என்ன?

இறந்தவர் உடல் அழுகாமல் இருக்க, இரத்தக்குழாய் வழியாக மருந்துக் கரைசலைச் செலுத்துவதே எம்பாமிங். 2016 டிசம்பர் 5 இரவு முதல்வர் ஜெயலலிதா காலமானபோது, மறுநாள் மக்கள் அஞ்சலிக்காக அவர் உடல் இம்முறையில்தான் பதப்படுத்தப்பட்டது. சிவகாசி அருகே மீனம்பட்டியில் பிறந்த நடிகை ஸ்ரீதேவி 2018 பிப்ரவரியில் துபாயில் இறந்தார். அங்கே எம்பாமிங் முடிந்த பிறகே உடல் மும்பைக்கு விமானம் ஏறியது. பெரிய மனிதர்களுக்கு மட்டுமல்ல, வளைகுடாவில் கூலி வேலை பார்த்து இறந்துபோகும் நம் பக்கத்து ஆட்களுக்கும் இதே நடைமுறைதான். இறப்புச் சான்றிதழோடு எம்பாமிங் சான்றிதழும் இருந்தால்தான் சவப்பெட்டி விமானத்தில் ஏறும்.

ஐஸ் பெட்டி வேறு, இது வேறு

துக்க வீட்டில் வாடகைக்கு வைக்கிறோமே ஃப்ரீசர் பெட்டி, அதுவும் கம்ப்ரசர், கண்டென்சர் உள்ள சாதாரண குளிர்பதன இயந்திரம்தான். குளிரில் கிருமிகளின் வேகம் குறையும், அவ்வளவே. கரண்ட் போனால் மறுபடி ஆரம்பித்துவிடும். மதுரை கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். எம்பாமிங்கில் பார்மால்டிஹைடு என்ற ரசாயனம் உடலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதன்பின் கிருமிகளால் அவற்றை எளிதில் சிதைக்க முடியாது.

செய்முறை

1. முதலில் பெயர், அடையாளம், காகிதங்கள் சரிபார்க்க வேண்டும். சந்தேக மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை முடியாமல் தொடக்கூடாது. மருந்து ஏறினால் விஷத்தின் தடயம் கெட்டுப்போகும்.

2. உடலைக் கிருமிநாசினியால் கழுவி, கண்ணையும் வாயையும் இயல்பாக மூட வேண்டும். விறைத்த கை கால்களை நீவி இளக்க வேண்டும்.

3. கழுத்து அல்லது தொடையில் சிறிதாகக் கீறித் தமனியை வெளியே எடுத்துக் குழாய் செருக வேண்டும்.

4. பார்மலின், ஸ்பிரிட், கிளிசரின், தண்ணீர் முதலியன கலந்த கரைசலைச் செலுத்த வேண்டும். பார்மலின் பதப்படுத்தும், கிளிசரின் தோல் காயாமல் காக்கும். சலைன் பாட்டில் போல உயரத்தில் தொங்கவிட்டும் ஏற்றலாம், பம்பு வைத்தும் ஏற்றலாம். பிரஷர் கூடினால் முகம் வீங்கிவிடும். பிள்ளைகளுக்கே அப்பாவை அடையாளம் தெரியாமல் போகும். நிதானம் முக்கியம்.

5. சிரை வழியாக இரத்தம் வெளியேறும். வயிறு, மார்புக் கூட்டுக்குத் தனியே மருந்து செலுத்தி, கீறலைத் தைத்து, மறுபடி கழுவித் துடைக்க வேண்டும்.

செய்பவருக்கு உள்ள ஆபத்து

பார்மலின் என்பது சுமார் 37 முதல் 40 சதவீதம் பார்மால்டிஹைடு கரைந்த நீர். அதன் ஆவி கண்ணை எரிக்கும், தொண்டையைக் கமறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சட்டப்படி 8 மணி நேர வேலையில் காற்றில் இதன் சராசரி அளவு பத்து லட்சத்தில் 0.75 பங்கைத் தாண்டக்கூடாது.

என் பெரியப்பா ஒரு ஆஸ்பத்திரி பிணவறையில் இருபது வருடமாக உதவியாளர். "யார் பெரியப்பா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "மூத்த ஆளு செய்யறதைப் பாத்துப் பழகினதுதாண்டா" என்றார். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து கலப்பார். துண்டு தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கு வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். அவருக்கு இதை யாரும் சொன்னதில்லை, கொடுத்ததும் இல்லை. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் "அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் முதல் செமஸ்டர் பீஸ் அவர் கட்டியது.

வெளிநாட்டில் இது படிப்பு!

அமெரிக்காவில் இதற்குக் கல்லூரிகளே உண்டு. சின்சினாட்டியில் 1882-ல் தொடங்கிய கல்லூரி இன்றும் நடக்கிறது. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு, ஏறக்குறைய நம் டிப்ளமோ மாதிரி. உடற்கூறு, வேதியியல், நுண்ணுயிரியல், சிதைந்த முகத்தைச் சீரமைக்கும் கலை, சட்டம், கணக்கு, துக்கத்தில் இருப்பவரிடம் பேசும் முறை எல்லாம் பாடம். பிறகு தேசியத் தேர்வு. பல மாநிலங்களில் அப்ரண்டிஸ் பயிற்சியும் உண்டு. இங்கிலாந்தில் எம்பாமிங் செய்வோருக்கான சங்கம் 1927-லேயே உருவானது. பக்கத்து இலங்கையில் 'மலர்ச்சாலை' என்ற பெயரில் இது ஊரறிந்த தொழில்.

நம் ஊரில்?

நம் பக்கம் இது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையோடு சேர்ந்தது. கே.கே. நகரிலிருந்து கோரிப்பாளையம் பக்கம் போனால் 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே டாக்டராகப் போகும் மாணவர் முதலில் படிப்பதே பதப்படுத்திய உடலில்தான். அந்த உடல் இல்லாவிட்டால் டாக்டர் இல்லை. ஆனால் உடலைத் தூக்குவது, கழுவுவது, துடைப்பது எந்தச் சாதியின் வேலை என்று ஊர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. பயிற்சியும் சான்றிதழும் வந்தால் அது சாதி வேலையாக இராது, படித்துச் செய்கிற வேலையாகும். சம்பளமும் பாதுகாப்பும் கேட்க வாய் வரும்.

நண்பர்களே, வெல்டருக்குக் கண்ணாடி, எலக்ட்ரீசியனுக்குக் கையுறை என்று ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். பிணவறை உதவியாளருக்கும் அது வேண்டாமா? விஷக் காற்றை இழுத்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட், அளவாகச் செலுத்தும் பம்பு, கரண்ட் போனாலும் தாங்கும் குளிர்ப்பெட்டி: மூன்றும் நம்மால் செய்யக்கூடியவையே. இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் யாராவது சேர வந்தால், நான் தயார்.