உங்கள் பேரில் எத்தனை புத்தகம்?

படிப்பு முடிந்து, கல்லூரியின் நோ டியூ படிவத்தில் எல்லாக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. மீதி இருந்தது நூலகம் மட்டும்தான். கவுண்டரில் இருந்த அண்ணன் என் அட்டையை ஸ்கேன் செய்து, திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பேர்ல மூணு புத்தகம் இருக்கும்மா."

ஒன்று வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. இன்னொன்றை வகுப்புத் தோழிக்குக் கொடுத்திருந்தேன். அவள் கல்யாணமாகி வாணியம்பாடி போய்விட்டாள். மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். கூட்டமாக இருந்த ஒரு மாலையில், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கணக்கில் அது வரவாகவில்லை.

மூன்றையும் முடித்துக் கொடுக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விட்டது. அதைவிட மனதை அறுத்தது வேறொன்று. வீட்டு அலமாரியில் இருந்தது, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர் பற்றிய புத்தகம். நூலகத்தில் அதற்கு ஒரே பிரதிதான். மேல்விஷாரத்திலிருந்து வந்து படித்த ஜூனியர் பெண் ஒருத்தி அதற்குப் பதிவு செய்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் அது இல்லாமலே புராஜெக்டை முடித்திருந்தாள். "அக்கா, அது உங்ககிட்டயா இருந்துச்சு?" என்று கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லிவரும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

கவுண்டரை விட்டு நகரும் முன்

புத்தகத்தை எடுக்கும்போதே பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கிழிந்த பக்கம், பேனாக் கோடு, கழன்ற அட்டை எது இருந்தாலும் கவுண்டரில் காட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்துப் போனால், திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தச் சேதத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

திருப்பிக் கொடுக்கும்போது ஸ்கேன் ஆகி, உங்கள் பேரிலிருந்து நீங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். "கழிஞ்சிடுச்சாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

நண்பர்களுக்கு உங்கள் அட்டையில் எடுத்துத் தராதீர்கள். அவசரமென்றால் இருவரும் சேர்ந்து போய், உங்கள் கணக்கிலிருந்து அவர்கள் கணக்குக்கு அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கைத் திறந்து பாருங்கள்

பல கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் இப்போது கோஹா என்ற மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் உருவாக்கி, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி விட்ட மென்பொருள் அது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்று பொருள். நூலகம் தரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனால், உங்களிடம் உள்ள புத்தகங்கள், கெடு தேதி, சேர்ந்திருக்கும் தாமதக் கட்டணம் எல்லாம் தெரியும். நூலக விதி அனுமதித்தால் ரினியூவலும் வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு புத்தகத்துக்கு வேறொருவர் பதிவு செய்திருந்தால் பொதுவாக ரினியூவல் ஆகாது. அப்படி ஆகவில்லையென்றால், ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு மறுநாளே கொண்டுபோய்க் கொடுங்கள்.

படிப்பின் நடுவில் நான் செல்போன் எண்ணை மாற்றினேன், நூலகத்தில் சொல்லவில்லை. நினைவூட்டல்கள் எல்லாம் பழைய எண்ணுக்கே போயின. எண்ணோ மின்னஞ்சலோ மாறினால் அன்றே நூலகத்தில் சொல்லி மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு நிமிடம் ஒதுக்கிக் கணக்கைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புத்தகம் தொலைந்தால் மறைக்காதீர்கள். கெடு தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். அதே புத்தகத்தை வாங்கித் தருவதா, விலையைக் கட்டுவதா என்பது அந்தந்த நூலகத்தின் விதி. எதுவானாலும், நாள் தள்ளத் தள்ளக் கட்டணம்தான் ஏறும்.

ஒரே விஷயம், பல அலமாரிகள்

தோல் தொழில் பற்றித்தான் என் ஆய்வு. ராணிப்பேட்டையைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறவளுக்கு அந்த வாசனையும் பாலாறும் பழகியவை. ஆனால் நூலகத்தில் முதல் மாதம் முழுக்க ஒரே அலமாரி முன்னால்தான் நின்றிருந்தேன். ஒருநாள் நூலகர் அம்மா கூப்பிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் எண்களை எழுதித் தந்தார். டியூவி பகுப்பு முறையில் தோல் பதனிடுவது 675. செருப்பும் ஷூவும் 685. தொழிலாளர் பற்றியவை 331. சுற்றுச்சூழல் கேடு 363.7. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு 628. எங்கள் ஊர்த் தொழில் ஐந்து இடங்களில் பிரிந்து கிடந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதே ஆய்வுக்காக, 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. டேனரிகளால் பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அச்சான தொகுதி ரெஃபரன்ஸ் பகுதியில் இருந்தது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதைத் தேடிக் கொடுத்தவரும் அந்த அம்மாதான். எனவே, எது வேண்டுமென்றாலும் முதலில் நூலகரிடம் கேளுங்கள். தொந்தரவு என்று தயங்காதீர்கள். அது அவர்கள் படித்துத் தேர்ந்த வேலை.

அங்கே இல்லாதது எங்கே கிடைக்கும்?

ஒரு புத்தகம் இல்லையென்றால் தேடலை அதோடு விட்டுவிடாதீர்கள். நூலகங்களை இணைக்கும் டெல்நெட் அமைப்பில் உங்கள் நூலகம் உறுப்பினராக இருந்தால், வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரக் கேட்கலாம். என்-லிஸ்ட் திட்டத்தில் உள்ள கல்லூரி என்றால், ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் வீட்டிலிருந்தே படிக்கத் தனிக் கணக்குத் தருவார்கள். பலர் மூன்று வருடம் படித்து முடித்தும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா இணையதளத்தில் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் படிக்கலாம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நூலகம் வாசகருக்காக இயங்க வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து, 1931-ல் வெளியிட்டார். ஒவ்வொரு புத்தகமும் அதற்குரிய வாசகரைச் சேர வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவை அவற்றில் அடங்கும். இன்றும் உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் அந்த விதிகளைப் படிக்கிறார்கள்.

அந்த விதிகள் நூலகருக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மேல்விஷாரத்துப் பெண் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் அவை எனக்கும் உரியவை என்று புரிந்தது. படித்து முடித்தும் நம் வீட்டில் கிடக்கும் நூலகப் புத்தகம், அதைத் தேடும் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன புத்தகம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் அலமாரியை ஒருமுறை பாருங்கள். நூலக முத்திரை போட்ட புத்தகம் ஏதாவது இருந்தால், நாளைக்கே எடுத்துப்போய்க் கொடுத்துவிடுங்கள்.