பெயர் பொருந்தாச் சான்றிதழ்

இணையத்தளமொன்றைத் திறக்கப் புகுங்கால், அதன் சான்றிதழிலுள்ள பெயர் வேறு என உலாவி எச்சரித்தல் உண்டு. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

சிறு கழகங்களும் பாடசாலைகளும் பெரும்பாலும் தமக்கெனத் தனி வழங்கி வைத்திருப்பதில்லை. ஒரே கணினியில், ஒரே ஐ.பி. முகவரியில், பல தளங்கள் குடியிருக்கும். எத்தளம் வேண்டும் என்பதை உலாவி தன் வேண்டுகோளிலே குறிக்கும். ஆயின், அவ்வேண்டுகோள் மறைகுறியாக்கப்பட்டே செல்லும். அதற்கு முன்னரே வழங்கி சான்றிதழைக் காட்டல் வேண்டும். வந்தவர் யாரைத் தேடுகின்றார் என்று கேளாமுன்னம் வாயிலோன் ஒரு பெயர்ப்பலகையை நீட்டுவது போன்றதே இது. அயலார் பலகையை அவன் நீட்டியதில் வியப்பில்லை.

இவ்விடர் தீர 2003ஆம் ஆண்டில் எஸ்.என்.ஐ. என்னும் விரிவு வகுக்கப்பட்டது. உலாவி தன் முதற் செய்தியிலேயே தளத்தின் பெயரைச் சொல்லிவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கிய இன்ரனெற் எக்ஸ்புளோரர் இதனை அறியாமையால், இவ்வழக்கம் பரவப் பல்லாண்டு சென்றது.

இக்காலத்து எழும் பிழைக்குப் பெரும்பாலும் கவனக்குறைவே காரணம் என்பது எம் கருத்து. முன்னே 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உள்ள பெயரும் இல்லாத பெயரும் வெவ்வேறு பெயர்களாம். இரண்டும் சான்றிதழில் இடம்பெறல் வேண்டும். உடுக்குறியிட்ட சான்றிதழிலும் அக்குறி நின்றவிடத்து ஒரு சொல்லே அமையும். புள்ளியிட்ட இரு சொற்கள் அமையா. லெற்ஸ் என்கிறிப்ற் 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் வழங்குதலின், செலவைக் காரணங்காட்டலும் பொருந்தாது.

எச்சரிக்கையைத் தாண்டிச் சென்றாலும் மறைகுறியாக்கம் நிகழுமே என்பர் சிலர். மெய்யே, ஆயினும் யாருடன் மறைவாகப் பேசுகின்றோம் என்பது தெரியாது. இடைநின்று கவர்வோன் வரினும் இதே எச்சரிக்கையே எழக்கூடும். ஆதலின் கடவுச்சொல்லையோ நன்கொடைப் பணத்தையோ அங்கு இடாது, தளத்தைப் பேணுவோர்க்கு உடன் அறிவித்தல் வேண்டும்.