ஒலித்தடங்கள் பிணங்குவது ஏன்?

ஒரே பாட்டை இரண்டு மூன்று கருவிகளில் ஒருங்கே பதிந்து, பின்னர்க் கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கேட்குங்கால், அவை தம்முள் ஒவ்வாது முன்னும் பின்னுமாக ஒலிப்பதை ஒலிப்பதிவிற் பழகியோர் அறிவர். ஒவ்வொரு கருவியின் பதிவையும் ஈண்டுத் தடம் என வழங்குவோம். தடங்கள் பிணங்கியவழிப் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: பிந்திய தடத்தைச் சற்று முன்னே நகர்த்திவிடுவர். தொடக்கம் இசைந்ததும் பணி முடிந்ததென எழுந்து போவர். அரைமணி நேரப் பதிவு கழித்துக் கேட்பின் பிணக்கு மீண்டும் தலைகாட்டும். பிணக்கின் அளவை நோக்கி அதன் இயல்பை நோக்காமையே இதற்குக் காரணம் என்பது எம் துணிபு. அதனைக் கடற்கரை ஒன்றில் வைத்து ஆராய்வாம்.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் மன்னார் வளைகுடாவை அடுத்த பழம்பட்டினம். அவ்வூர் மண்ணை அகழ்ந்த தொல்லியலார் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தனர். ஓடு பல நூற்றாண்டு மண்ணுட் கிடந்தும் கெடுவதில்லை. பாட்டோ பாடுவோர் வாயொடு போவது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு அத்தகையது. ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடி, அவ்வோசைக்கு இசையக் கயிற்றை இழுப்பர். அப்பாட்டை நன்கறிந்த முதியோர் குரலைப் பதியப் புகுவோர்க்கு மறுவாய்ப்பு உண்டென்பது உறுதியன்று. ஆதலின் பதிந்ததைக் கெடுக்காமற் காக்க அறிதல் வேண்டும்.

கரைவலையின் ஒரு கயிற்றைக் கரையிலேயே நிறுத்திவிட்டுப் படகு கடலுள் வளைந்து சென்று வலையை விடும்; மறு கயிற்றைத் தொலைவில் வேறோரிடத்திற் கரைசேர்க்கும். இரு கயிற்றையும் இரு கூட்டத்தார் நின்று இழுப்பர். மடி கரையை நெருங்க நெருங்க, அவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து வருவர். ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் ஒரு கருவி வைத்தோம் எனக் கொள்க. அரங்கத்துள் எனின் எல்லா மைக்குகளையும் கம்பியால் ஒரே கருவியிற் சேர்த்து, ஒரே கடிகாரத்தின்கீழ்ப் பதியலாம். மணற்பரப்பில் அது எளிதன்று. ஆகவே கருவிகள் இரண்டு, கடிகாரங்களும் இரண்டு.

இனிப் பிணக்கின் வகைகளைக் காண்போம். கருவிகளை வெவ்வேறு நேரத்தில் முடுக்கியதால் வருவது முதல்வகை. இது தொடக்கத்தில் எவ்வளவோ முடிவிலும் அவ்வளவே. தடத்தை நகர்த்தினால் தீரும். இதற்குமேற் கூற ஒன்றுமில்லை.

இரண்டாவது கடிகாரப் பிணக்கு. கருவி ஒலியை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக எழுதுகின்றது. அவ்வளத்தலுக்குக் காலம் காட்டுவது உள்ளிருக்கும் படிகம். இரு படிகங்கள் முற்றும் ஒத்திருத்தல் இல்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலும், ஒரு மணி நேரத்தில் 0.072 நொடி விலகும். ஒரே குரல் இரு தடங்களில் 0.03 முதல் 0.05 நொடி வரை விலகும்போதே செவி அதனை இரட்டைக் குரலாக உணரத் தொடங்கும். இப்பிணக்கு ஒரே சீராக வளரும், நகர்த்துதலால் தீராது. எடுத்துக்காட்டாக, இரு கைதட்டல்களுக்கு இடைப்பட்ட காலம் ஒரு தடத்தில் 3,000 நொடியாகவும் மற்றதில் 3,000.06 நொடியாகவும் இருப்பின், இரண்டாவதை அவ்விகிதத்தாற் சுருக்குதல் வேண்டும்.

ஒரு மணி நேரப் பதிவு 65 நிமிடம் 18 நொடியாக நீண்டு, குரலும் தடித்து ஒலிக்குமாயின், குற்றம் படிகத்தினது அன்று. 48,000 முறை அளந்த தடத்தை 44,100 எனக் கருதிக் கணினி ஒலிக்கின்றது. அமைப்பைத் திருத்தினாற் போதும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் திடீரெனப் பிணக்குத் தோன்றினால், அங்கே பதிவு அறுந்தது என்க. கைப்பேசியிற் பதிவோர்க்கு அழைப்பு வந்து அறுதலும் உண்டு. அவ்விடத்தில் வெட்டிப் பின்பகுதியை மட்டும் நகர்த்துக.

மூன்றாவதே நுட்பமானது, அது குற்றமும் அன்று. வெம்மை 30 பாகையாயுள்ள காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். இரு கூட்டத்தாரும் 200 மீட்டர் விலகி நின்றால், இவர் குரல் அவர் கருவியை அடைய 0.57 நொடி ஆகும். 20 மீட்டராக நெருங்கியபோது 0.06 நொடியே ஆகும். ஆகவே ஒரு கூட்டத்தாரின் குரல் மறு தடத்தில் மெல்லெனக் கேட்பதை வைத்து ஒப்பிடுவோர், பிணக்குச் சிறிது சிறிதாக மாறுவதைக் காண்பர். படிகத்தின் குற்றமென மயங்கித் தடத்தை அரை நொடிக்குமேல் நீட்டியோ சுருக்கியோ விடுவர். ஆட்கள் நடந்த நடை கடிகாரத்தின் பிழையாகக் கொள்ளப்படும்!

மயக்கம் தீர்க்க ஒரு சோதனை உண்டு. இரு கூட்டத்தாரின் குரலையும் தனித்தனியே ஒப்பிடுக. கடிகாரப் பிணக்காயின், எவர் குரலை நோக்கினும் ஒரே தடமே மேன்மேலும் பிந்தும். தொலைவின் விளைவாயின், இவர் குரல் அவர் தடத்திற் பிந்தும், அவர் குரல் இவர் தடத்திற் பிந்தும். இரு திசையிலும் பிந்துவதை எந்தக் கடிகாரமும் செய்யவியலாது.

கைதட்டலிலும் இவ்விழுக்கு உண்டு. திரைப்படத்தில் படமும் ஒலியும் இசையத் தட்டும் பலகையை யாவரும் கண்டிருப்போம். நம் மொழிக்கு இது புதிதன்று: தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறுமிடத்துக் கண்ணிமைத்தலோடு கைந்நொடித்தலையும் கொண்டனர், காலப் பெயராக இன்று வழங்கும் நொடியும் அச்செயலை உணர்த்தும் சொல்லே. ஆயினும் தட்டும் இடம் இன்றியமையாதது. ஒரு கருவியின் அருகே தட்டி, 200 மீட்டருக்கு அப்பாலுள்ள கருவியில் விழுந்த அவ்வொலியை இதனோடு பொருத்தினால், இவர் குரல் இசையும். அவர் குரலோ இரட்டிப்பாக, 1.14 நொடி பிணங்கும். ஆகவே கருவிகளைப் பிரிக்குமுன் இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை தட்டுக. வலை கரையேறிய பின், பதிவை நிறுத்தாமலே மீண்டும் அருகருகே கொணர்ந்து ஒருமுறை தட்டுக. முதல் தட்டு நகர்த்தும் அளவைக் காட்டும்; இரு தட்டுகளின் இடைக்காலம் கடிகாரப் பிழையைக் காட்டும். அவ்விரண்டையும் திருத்தியபின் எஞ்சுவது கடற்கரையின் அகலமே.

எஞ்சிய அதனையும் நீக்கி இரு கூட்டத்தாரும் ஒரே தாளத்தில் ஒலிக்கச் செய்தல் கணினிக்கு எளிது. யாம் அதனை உடன்படோம். அங்ஙனம் ஆக்கிய பாட்டை அக்கரையில் எவரும் பாடவுமில்லை, கேட்கவுமில்லை. எதிரொலி போன்ற இரட்டிப்பு இடர் செய்யுமாயின், ஒருவர் பாடும்போது மறு தடத்தின் ஒலியைத் தாழ்த்தினாற் போதும். திருத்தாத மூலத்தடங்களைத் தனியே வைத்து, கருவிகள் நின்ற இடமும் இடைத்தொலைவும் குறிப்பேட்டில் எழுதிவிட்டால், பின்வருவோர் தாமே வேறு வகையாகவும் பொருத்திக் கேட்கலாம்.