வீட்டுக் கணினியில் ஓர் இசைக்கூடம்

ஊரிலிருந்து தில்லிக்கு வந்து, புசா ரோட்டில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் பாட்டி ஒருவர் பேரக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறார் எனக் கொள்வோம். அத்தகைய பாடல்கள் பெரும்பாலும் நூல்களில் அச்சேறுவதில்லை. பாடுபவரின் நினைவே அவற்றுக்கு ஏடு. அவற்றைச் சுருதியோடு பதிவு செய்து காப்பதற்கு இன்று வீட்டுக் கணினியே போதும்.

முற்காலத்தில் ஒலிப்பதிவுக்குப் பெரிய கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்பட்டன. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மாக்ஸ் மாத்யூஸ், கணினியால் இசை எழுப்பும் நிரல் ஒன்றை உருவாக்கினார். 1983இல் 'மிடி' என்னும் பொதுமுறை அறிமுகமானது. எந்தச் சுரம் எப்போது, எவ்வளவு அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்னும் செய்தியைக் கருவிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ள அது வழிவகுத்தது. ஏ. ஆர். ரகுமான் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டியே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அவர் இசையமைத்து 1992இல் வெளியான 'ரோஜா' திரைப்படம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

கணினிக்குத் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வின் ஏற்ற இறக்கங்களைக் கணினி ஒரு வினாடிக்கு 44,100 எண்களாகக் கணக்கிடுகிறது. ஒலிபெருக்கி அவ்வெண்களை மீண்டும் அதிர்வாக்குகிறது. இவ்வாறு ஒலியை உருவாக்கும் மென்பொருளைச் 'சாஃப்ட்வேர் சிந்தசைசர்' என்பர். 'எல்.எம்.எம்.எஸ்.' என்னும் இலவச மென்பொருளில் இத்தகைய கருவிகள் பல உள்ளன.

கீபோர்டைக் கணினியுடன் இணைத்து வாசிக்கும்போது தாமதம் ஒரு தடையாகலாம். கணினி எண்களைத் தொகுதி தொகுதியாகவே அனுப்பும். ஒரு தொகுதியில் 1,024 எண்கள் இருப்பின் ஏறத்தாழ 23 மில்லிவினாடி தாமதமாகும். அது 8 மீட்டர் தொலைவில் எழும் இசையைக் கேட்பது போன்றது. 256 எண்கள் எனில் தாமதம் 6 மில்லிவினாடியாகக் குறையும். தொகுதியை மிகவும் சிறிதாக்கினால் கணினி திணறும். ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். ஆகவே ஒலி அறுபடாத அளவுக்கே அதனைக் குறைத்தல் வேண்டும்.

பதிவின்போது பாட்டி கணினிக்கேற்பப் பாடுதல் கூடாது. கணினியே பாட்டிக்கேற்ப ஒலித்தல் வேண்டும். முதலில் அவரை இரண்டு அடிகள் பாடச் செய்து, அவருடைய 'சா' எதுவென அறிதல் வேண்டும். அது வினாடிக்கு 200 அதிர்வு எனில், 'பா' அதன் ஒன்றரை மடங்கான 300 அதிர்வாகும். இவ்விரண்டையும் சிந்தசைசரில் மெல்ல ஒலிக்கச் செய்து, கோப்பாகச் சேமிக்கலாம். பின்னர் அதனை 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் இட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடச் செய்யலாம். கீபோர்டின் சுரங்கள் படிக்கட்டுகள் போன்றவை. குரலோ கமகத்தால் அவற்றிடையே வழுக்கிச் செல்வது. ஆதலால் கருவி பாட்டின் மெட்டைத் தொடராமல், சுருதியை மட்டும் தருதலே சிறப்பு.

அறையும் ஒரு கருவியே. சாலை இரைச்சல் அடங்கிய நேரத்தில் சன்னல்களை மூடி, கூலரையும் மின்விசிறியையும் நிறுத்துதல் நன்று. பாடுபவருக்குப் பின்னால் குளிர்காலத்து ரஜாயைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும்.

சுருதியைக் கணினி எந்நாளும் மீண்டும் எழுப்பும். பாட்டியின் குரலை அவ்வாறு எழுப்ப இயலாது. ஆதலின் பதிவை 'வேவ்' கோப்பாக இரண்டு இடங்களில் காத்தல் வேண்டும். ஒரு நிமிடப் பதிவுக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் இடமே தேவை. கோப்பின் பெயரில் பாடலின் முதலடி, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்தல் நலம்.

சொற்பொருள்
ஏடு – சுவடி, நூல்
நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு
கமகம் – சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் முறை

பயிற்சி
1. 'மிடி' எவ்வகைச் செய்திகளைப் பரிமாற உதவுகிறது?
2. 'சா' 220 அதிர்வு எனில் 'பா' எத்தனை அதிர்வு?
3. கருவி சுருதியை மட்டும் தருதல் ஏன் சிறந்தது?
4. வீட்டுப் பெரியவர் ஒருவரின் பாடலைக் கேட்டு, அதன் பொருளை ஐந்து வரிகளில் எழுதுக.